கேட்ட கேள்விக்கு மட்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் உடல்நலமும் மாப்பிள்ளையின் முழங்காலும் எப்படி என்று எழுது.

நேற்று நீ தொலைபேசியில் கேட்டபோது நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்ததற்கு மன்னித்துக்கொள். இத்தனை வருடம் தொழிற்சட்டம் நடத்தியும், கையில் சாக்பீஸ் இல்லாவிட்டால் எனக்கு வாய் வராது. ஆகவே எழுதுகிறேன். இதில் நான்கு விஷயங்கள்:

1. விசாரணை அதிகாரியின் அறிக்கை, விசாரணையில் வெளிவந்ததை மட்டுமே வைத்து எழுதப்பட வேண்டும்.
2. விசாரிப்பவருக்கு அந்த விவகாரத்தில் சொந்தப் பங்கு எதுவும் இருக்கக் கூடாது.
3. சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.
4. விசாரணை முடியும்வரை அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது.

முதலில் நீ சொன்னதைச் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா என்று பார்க்கிறேன். லிப்ட் பராமரிக்கும் உங்கள் நிறுவனத்தில் ஒரு மெக்கானிக். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் ‘சாவி’ என்றே அவரைக் கூப்பிடுகிறீர்கள். ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றில், லிப்டைத் தாங்கும் இரும்பு ரோப் கெட்டுவிட்டது என்று சொல்லி லிப்டை நிறுத்திப் பூட்டினார். சாயங்காலம்வரை ஓடட்டும் என்று சூப்பர்வைசர் தொலைபேசியில் உத்தரவு போட்டும் கேட்காமல், லிப்ட் ரூமின் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அறுவை சிகிச்சை முடிந்த ஒரு அம்மாளை நாற்காலியோடு படிக்கட்டில் இறக்கினார்கள். தூக்கிய பணியாளர் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. சாவியை வேலையை விட்டு நீக்கலாமா என்று விசாரித்து அறிக்கை கொடுக்கும்படி, நிர்வாகத் தலைவியான உன்னிடம் முதலாளி ஒப்படைத்திருக்கிறார். சரிதானே?

முதலாவது விஷயத்துக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாவது உனக்குப் பொருந்தாது. நீ லிப்டின் மெஷின் ரூம் ஏறிப் பழுது பார்ப்பவள் அல்ல, அதனால் தாண்டிப் போகிறேன். மூன்றாவதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விசாரணைகள் கெட்டுப்போவது வாய் நீண்ட சாட்சிகளால்தான். கேட்காததைச் சொல்ல வருபவரை அங்கேயே நிறுத்து. அதிகாரிக்கும் அதே விதிதான். நான்காவது உனக்கே தெரியும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது. நேரில் ஒரு விசாரணைகூட நடத்தியதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பாக ஏதும் எழுதியிருந்தால் தெரிவி.

எண் போடாமல் எழுத வராத,
உன் அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அவர் முழங்கால் படிக்கட்டைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. டீவி ரிமோட்டைத் தேடி வீடு முழுக்க நடக்கும்போது வலிப்பதில்லை. அண்ணிக்கு இருமல் நின்றதா?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சின்ன வயதில் கடைக்கு அனுப்பும்போதுகூட நீங்கள் எனக்கு எண் போட்டுத்தான் சொல்வீர்கள்: ‘ஒன்று, ஓரமாகப் போ. இரண்டு, மீதிச் சில்லறை வாங்கு.’ எழுபத்திரண்டு வயதாகியும் திருந்தவில்லை.

முதல் அமர்வு நேற்று முடிந்தது. பட்டறை முற்றத்தைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. ஜன்னலுக்கு வெளியே, பாதி பெயின்ட் அடித்த லிப்ட் கூண்டு ஒன்று கதவு திறந்தபடி நிற்கிறது. யாரோ உள்ளே நின்று நாங்கள் பேசுவதைக் கேட்பது போலவே எனக்கு இருந்தது. நான், தட்டச்சு செய்யும் பெண், சாவி, துணைக்கு அவர் கூட்டிவந்த எங்கள் பட்டறைப் பெயின்டர். அவ்வளவுதான்.

“ரோப் கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“துணியைச் சுத்திப் பிடிச்சு மெல்ல ஓட விட்டேம்மா. துணி மாட்டிக்கிச்சு. நல்ல ரோப்ல மாட்டாது. இழை அறுந்து முள்ளு முள்ளா நின்னா மாட்டும்.”

“எத்தனை இழை?”

“எண்ணலம்மா. கொட்டற பல்லை எண்ணிக்கிட்டா இருப்பாங்க?”

பெயின்டர் சிரித்துவிட்டார். நான் முறைத்ததும் இருமினார்.

“வார்டுல சொல்லாம ஏன் பூட்டினீங்க?”

“அது என் தப்புதாம்மா. கோபத்துல வந்துட்டேன். இந்த ரோப் விஷயம் முன்னாடியே...”

நான் நிறுத்திவிட்டேன். “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தலையாட்டிவிட்டுச் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தார். உங்கள் மூன்றாவது விதி நன்றாகவே வேலை செய்கிறது.

இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்கள் நான்காவது விதிப்படி நான் உங்களுக்கு எழுதுவதே தப்பு. அண்ணன் வெளியாள் இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

சொன்னபடி ஓரமாகவே நடக்கும்,
உங்கள் தங்கை

*

பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணியின் இருமல் குறைந்துவிட்டது. எனக்கு வலது காதில் ரீங்காரம். வயதுக்கு உரியது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அதற்கு மரியாதை கொடுத்து வாழ்கிறேன். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், நான்காக.

என் வார இறுதி வகுப்பு நன்றாகப் போகிறது. வேலையில் இருந்துகொண்டே மேலாண்மைப் பட்டயம் படிப்பவர்கள். தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பேருந்து பிடித்து வருகிறார்கள். யார் எந்த நிறுவனம் என்று நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்லக் கூடாது என்பது என் விதி. அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார்கள். முதல் நாளே பலகையில் எழுதிவிடுவேன்: ‘இங்கே பேசியது இங்கேயே.’

இந்த வாரம் அவர்களுக்கு ஒரு கற்பனை வழக்கு கொடுத்தேன். ஒரு துணி ஆலை. ஆபத்து என்று சொல்லி, பாய்லரை நிறுத்திவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார் அதை இயக்குபவர். உத்தரவை மீறியது குற்றமா? என் வழக்கப்படி முன்னால் மூன்று நாற்காலி போட்டேன். ஒன்று தொழிலாளிக்கு, ஒன்று மேற்பார்வையாளருக்கு, ஒன்று விசாரிப்பவருக்கு. மாணவர்கள் அதில் உட்கார்ந்து அந்தந்த ஆளாகவே பேச வேண்டும்.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர், பின் வரிசையில் வாய் திறக்காமல் இருப்பவர். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு என்னை அசத்திவிட்டார். “பாய்லர் சரியில்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். கூட்டத்துல சொன்னேன். நிர்வாகத்துல இருந்தவங்க ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’னாங்க” என்றார். என் தாளில் நிர்வாகம் என்று ஒரு பாத்திரமே இல்லை! நான் எழுதாத ஒருவரை அவராகவே உண்டாக்கி, வழக்கையே திருப்பிப் போட்டுவிட்டார். ‘சிறந்த கற்பனை’ என்று குறிப்பெழுதிக் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

உன் விசாரணைக்கும் இது ஏதாவது பயன்படலாம் என்றுதான் எழுதினேன். பயன்படாவிட்டால் விட்டுவிடு.

ஒரு காது பழுதான,
உன் அண்ணன்

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். காதுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

பாய்லர் வழக்கைப் படித்தேன். கற்பனை நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது அமர்வு முடிந்தது. சூப்பர்வைசர் சாட்சி சொன்னார். ரோப் ஓடும் நிலையில்தான் இருந்தது, தான் கொடுத்தது நியாயமான உத்தரவு என்றார். பழைய ரோப்பைக் காட்ட முடியுமா என்றேன். மறுநாளே மாற்றிவிட்டோம், பழசு பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

“உங்களுக்கு வேறு ஏதாவது தெரியுமா?” என்று நான் கேட்கவில்லை. சாட்சி முடிந்தது என்று எழுதி முடித்தேன்.

சாயங்காலம் முதலாளி என் அறைக்கு வந்து நின்றுகொண்டே பேசினார். “என்னம்மா, ஊதிப் பெருசாக்கறீங்க? உத்தரவு போட்டாரு, இவன் கேக்கல. ரெண்டு வரியில முடியற கதை. ஜூன்ல நீங்க ரிடையர் ஆகறீங்க. நல்லபடியா வழியனுப்பணும்னு நான் பார்க்கறேன்.”

ஜூனுக்குப் பிறகு என்னை ஆலோசகராக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். இருபது வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொல்லாமல் பேசியது அன்றைக்குத்தான். என் அறையிலேயே.

சாவியின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்டாள். ‘ஏம்மா, சாப்பிட்டியா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் தங்கை

*

மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு கொஞ்சம் சரியில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை. தூக்கம் சரியாக வருவதில்லை. உன் அண்ணி, நான் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள். உண்மைதான்.

ஒரு சின்ன சந்தேகம். உங்கள் நிறுவனத்தில் வாராந்திரக் கூட்டம் உண்டென்று எப்போதோ சொல்லியிருக்கிறாய். இந்த ரோப் பற்றி அதற்கு முன்னால் அங்கே யாராவது பேசியதுண்டா? பாடத்துக்காகத்தான் கேட்கிறேன். பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டதே தப்பென்றால் இந்த வரிகளை அடித்துவிட்டுப் படி.

மாப்பிள்ளையைப் படி ஏறாமல் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தூக்கம் வராவிட்டால் சாயங்காலம் நடங்கள். அண்ணிக்கும் நல்லது. இங்கே வெயில் ஏறிவிட்டது. அலுவலகத்தில் மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு முழங்காலுக்குப் பட்டை வாங்கினோம். அளவு சின்னது, மாற்ற வேண்டும். எதிர் வீட்டில் புதுக் குடித்தனம் வந்திருக்கிறார்கள், பிள்ளைகள் சத்தம் அதிகம்.

நீங்கள் கேட்டதற்கு: எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நூறு விஷயம் வரும், போகும்.

பாடத்துக்காக என்றீர்கள். எந்தப் பாடத்துக்கு?

இருபத்தொன்பதாம் தேதி கடைசி அமர்வு. அதற்குள் அறிக்கையைத் தயாராக வைத்திருக்க முதலாளி சொல்லியிருக்கிறார்.

தங்கை

*

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் நலத்தை விசாரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பாய்லர் வழக்கு உன் வழக்குதான். லிப்டை பாய்லர் ஆக்கினேன், மருத்துவமனையைத் துணி ஆலை ஆக்கினேன், உன்னை ஒரு ஆண் அதிகாரி ஆக்கினேன். எல்லாவற்றையும் முறையாக மாற்றிவிட்டதாக நினைத்தேன். வகுப்பில் பல தலைகள் சேர்ந்து யோசித்தால் உனக்கு நல்ல வழி கிடைக்கும் என்பது என் எண்ணம். உன்னிடம் கேட்கவில்லை. நான்காவது விதியை உனக்கு எழுதிய கையாலேயே அதை மீறியிருக்கிறேன்.

சட்டை நுனியால் கண்ணாடி துடைக்கிறார் என்று நீ எழுதியதைப் படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்பதில்லை என்ற என் விதி இருக்கிறதே, அது இல்லாமல் இருந்திருந்தால் உன் சூப்பர்வைசர் என் மாணவர் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரு மாதம் இதை உனக்கு எழுதத் தைரியம் இல்லை. போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் தயங்கி நின்றார். நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அழித்த இடத்தையே மறுபடி அழித்தேன்.

“சார், அந்த பாய்லர் கேஸ் நீங்களே எழுதினதா?”

“ஏன் கேட்கறீங்க?”

“பாய்லருக்கு ஏது சார் சாவி? வால்வை மூடுவாங்க, ஸ்விட்ச்சை அணைப்பாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போற சாவி லிப்ட் ரூமுக்குத்தான் இருக்கு.”

எல்லாவற்றையும் மாற்றியவன் சாவியை மாற்ற மறந்திருக்கிறேன். அவர் என் சொந்தக்காரர் யார் என்று கேட்கவில்லை. விசாரணை அதிகாரி என் தங்கை என்று நானாகத்தான் சொன்னேன்.

“அப்ப விசாரணையில ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ரோப் ஓடுமான்னு கேட்டாங்க. ஓடும்னேன். அது பொய் இல்ல சார், ஓடும். கூட்டத்துல சொன்னியான்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. ப்ரமோஷன் கையில வர்ற நேரம் சார். அந்த நாற்காலியில உட்கார்ந்தப்ப அது நான் இல்லன்னு ஒரு தைரியம். எழுந்து வந்ததும் போயிடுச்சு.” கண்ணாடியைத் துடைத்தார். “இங்க பேசினது இங்கயேதானே சார்?”

“என் தங்கைக்கு எழுதப் போறேன்” என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இதை எழுதுவதால் என் வகுப்பின் விதியையும் மீறுகிறேன்.

வெளியாளிடம் பேசப்பட்ட விசாரணை பழுதுபட்டது. நீ விரும்பினால் என்மேல் புகார் எழுது. எங்கே, எப்படி என்று வேண்டுமானால் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

அந்த ‘நிர்வாகத்தில் இருந்தவர்’ யார் என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்து சேர்ந்ததா? தொலைபேசியை நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து, நீ தூங்குகிறாய் என்றார். மாலை ஐந்து மணிக்கு நீ தூங்க மாட்டாய். உன் அண்ணி, ‘என்ன எழுதித் தொலைச்சீங்க?’ என்று கேட்கிறாள்.

ஒரு வரி போதும்.

அண்ணன்

*

மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள். முழங்கால் பட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் கிழிக்கச் சொன்னதை நீங்கள் நாற்காலி போட்டு நடித்துக் காட்டியிருக்கிறீர்கள். அதிலும் என்னை ஏன் ஆணாக மாற்றினீர்கள்? பாய்லருக்குச் சாவி வைத்ததைக்கூட மன்னித்துவிடலாம்.

ஆனால் உங்கள் பாய்லர் கடிதம் வந்த அன்றே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அண்ணா. அதற்கு முன்னாலும் தெரியும். ‘நினைவில்லை’ என்று நான் எழுதியது பொய். அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சூப்பர்வைசர், “மருத்துவமனை லிப்டுக்கு ரோப் மாத்தணும், சாவி சொல்றான்” என்றார். முதலாளி செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான், “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. அந்த நேரத்தில் கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

அன்றைக்கு உங்களுக்கு ஏன் தொலைபேசி செய்தேன் தெரியுமா? ‘இந்த விசாரணையில் நீ உட்காரக் கூடாது’ என்று நீங்கள் சொல்வீர்கள், அதைச் சாக்காக வைத்துக் கழன்றுகொள்ளலாம் என்றுதான். நீங்கள் அதை இரண்டாவதாகப் போட்டு, ‘உனக்குப் பொருந்தாது’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அண்ணனே சொல்லிவிட்டார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி அமர்வுக்கு முதலாளியும் வந்திருந்தார். சூப்பர்வைசர் ஜன்னலோரம். வழக்கப்படி சாவியிடம், “கடைசியா ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன்.

“அம்மா, முதல் நாளே சொல்ல வந்தேன். கேட்டதுக்கு மட்டும் சொல்லுன்னீங்க. இப்ப நிஜமாவே கேக்கறீங்களா, இல்ல சும்மா எழுதறதுக்குக் கேக்கறீங்களா?”

தட்டச்சுப் பெண் கையை எடுத்துவிட்டாள். நான் எழுந்து என் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போனேன். தரையில் கிறீச்சென்று சத்தம். சாவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பெயின்டர் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

முதலாளி சிரித்தார். “என்னம்மா இது, நாடகமா?”

“நான் இனிமே விசாரணை அதிகாரி இல்ல சார். சாட்சி.”

“சாட்சியா? உங்களை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல சார். அதான் சொல்றேன்.”

சொன்னேன். தேதி, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், நான் சொன்ன அந்த மூன்று வார்த்தை, எல்லாம். “நீங்களும் இருந்தீங்க சார். போன் பார்த்துக்கிட்டிருந்தீங்க” என்றும் சொன்னேன்.

மின்விசிறி மட்டும் கடகடவென்றது, பழுது பார்க்க வரச் சொன்ன ஆள் இன்னும் வரவில்லை. சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, “ஆமா சார். நான் கூட்டத்துல சொன்னேன்” என்றார்.

சாவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. “அடுத்த மாசம்னு சொன்னது நீங்கதானாம்மா? நான் இத்தனை நாளா இவரைத் திட்டிக்கிட்டிருந்தேன்” என்றார். அந்த வார்த்தை இன்னும் இறங்கவில்லை, அண்ணா.

வெளியிலிருந்து ஒரு வக்கீலை வைத்து மறுபடி விசாரித்தார்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. சாவி திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். வார்டில் சொல்லாமல் பூட்டியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அதை அவர் மறுக்கவில்லை. மணிக்கட்டு முறிந்த பணியாளரை நானும் சாவியும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். கட்டுப் பிரித்துவிட்டார்கள். பாரம் தூக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். அவர் எங்களை உட்காரச் சொன்னார்.

என்னை ஜூன்வரை விடுப்பில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆலோசகர் பேச்செல்லாம் இல்லை. வழியனுப்பு விழாவும் இல்லை. என் மேசையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்து வந்தேன். இருபது வருடத்துக்கு அவ்வளவுதான் சாமான் சேர்ந்திருந்தது. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பித் தயாராகி, அப்புறம்தான் எங்கே போகிறோம் என்று யோசிக்கிறேன். அவர் பாவம், பேச்சுத் துணைக்கு டீவியை அணைத்துவிட்டு உட்கார்கிறார்.

உங்கள்மேல் புகார் எழுதவில்லை. எங்கே எழுதுவது என்று நீங்களே சொல்லித்தருவதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துத்தான் கொஞ்சம் சிரித்தேன்.

நாற்காலியை மாற்றிப் போட்ட,
உங்கள் தங்கை

*

மே 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை அவள் வாங்கி அவளே படித்துக்கொண்டாள். பிறகு, “அவளுக்கு இருக்கிற நெஞ்சுல கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தா ஒரு மாசம் தூங்காம இருந்திருக்க வேண்டாம்” என்றாள்.

நேற்று கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். வகுப்பில் செய்ததைச் சொன்னேன். அவர் வயதில் மிகவும் சின்னவர்; சங்கடப்பட்டார். “யாராவது புகார் கொடுத்திருக்காங்களா சார்?” என்றார். “இல்லை, அதனாலதான் வந்தேன்” என்றேன். பருவம் முடியும்வரை வகுப்பு எடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். ‘பிறகு பார்க்கலாம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பிப் போய், எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியின் அறைக்குள் இரண்டாவது தடவை நுழைந்தது இதுவே முதல் முறை.

உன் சூப்பர்வைசர் வகுப்புக்கு வருகிறார். ப்ரமோஷன் கிடைக்கவில்லையாம். பின் வரிசையை விட்டு நடுவில் உட்காருகிறார். நான் அவருக்குக் கொடுத்த கூடுதல் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ‘சிறந்த கற்பனை’ என்ற குறிப்பை மட்டும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, காலியாக இருக்கிறது.

பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிய நான்கு விதிகளையும் திரும்ப யோசித்தேன். முதலாவதில் கை வைக்க வேண்டியதில்லை. இரண்டாவதும் சரிதான், ‘உனக்குப் பொருந்தாது’ என்று உன்னைக் கேட்காமலே நான் சேர்த்த வரிதான் பிசகு. அன்று தொலைபேசியில் உன் குரல் சரியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ‘ஏன்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ சொல்ல விரும்பாததைக் கேட்பது மரியாதை ஆகாது என்று அப்போது நினைத்தேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன், பயம்தான் அது. நான்காவது சரி. அதை மீறியவன் நான்.

உன் அமர்வில் சாவி சொல்ல வந்ததை நீ நிறுத்தியது ‘கேட்ட கேள்விக்கு மட்டும்’ என்ற என் சொல்லால். சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டது அதே சொல்லால். உன்னை நான் கேட்காததும் என்னை நீ கேட்காததும் அப்படியே. இத்தனை வருடம் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனோ, அவர்களெல்லாம் எந்தெந்த அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, தெரியவில்லை.

நீ கூப்பிடவில்லை. இருந்தாலும் சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்துவிட்டு அண்ணியும் நானும் வருகிறோம். காலை எட்டு மணிக்கு நீ தயாராகி நிற்பாய் அல்லவா, அந்த நேரத்துக்கு வந்துவிடுவோம். எங்கேயாவது நடந்துவிட்டு வரலாம். மாப்பிள்ளைக்காகப் படி இல்லாத பாதையாகப் பார்த்து வை.

மூன்றாவது விதி தவறு.

உன் அண்ணன்